ஒன்பதாவது கேள்வி

இந்தப் பதிவில் தற்கொலை எண்ணங்களைப் பற்றிப் பேசுகிறேன். இந்த நிமிடமே அந்த எண்ணம் உங்களை நெருக்குகிறது என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு "என்னைத் தனியா விடாதீங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். பதிவை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் நிரப்பச் சொன்னது ஒரு பக்கத் தாள்தான். மேலே பெயர், தேதி. கீழே ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இவை உங்களை எத்தனை நாள் தொந்தரவு செய்தன என்று கேட்டு, எதிரே நான்கு கட்டங்கள் போட்டிருந்தார்கள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமில்லாமல் போவது, கவனம் நிற்காதது என்று போகும். முதல் எட்டையும் உண்மையாகத்தான் நிரப்பினேன். ஒன்பதாவதில் பேனா நின்றுவிட்டது. செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று கேட்டிருந்தது. அன்று காலையில்கூடத் தோன்றியிருந்தது. 0 கட்டத்தில் டிக் போட்டேன்.

பயம்தான் காரணம். உண்மையைச் சொன்னால் அப்படியே பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதோடு, பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் அந்தத் தாளில் விழுந்துவிடுமோ என்று கையால் பாதியை மறைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

மருத்துவர் கூட்டிப் பார்த்தார். 27-க்கு 16 வந்தது. அந்தத் தாளின் கணக்கில் 15 முதல் 19 வரை வந்தால் ஓரளவு கடுமையான மனச்சோர்வு. கடைசிக் கேள்வியில் 0 இருப்பதைப் பார்த்து "நல்லவேளை" என்றார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், அதில் ஒன்றும் இல்லை. கவுன்சிலிங் போகச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் நீட்டிய தாளைத்தான் அவர் படித்தார்.

நம் மொழியில் இதைச் சொல்வதற்கே தடுமாற வேண்டியிருக்கிறது. வேலை அதிகமானாலும் மன அழுத்தம் என்கிறோம். காலையில் எழுந்து பல் துலக்கவே முடியாமல் கிடந்தாலும் மன அழுத்தம் என்கிறோம். முதலாவது ஸ்ட்ரெஸ். இரண்டாவது டிப்ரெஷன், மனச்சோர்வு. ஆறு மாதம் நான் எல்லாரிடமும் 'கொஞ்சம் மன அழுத்தம்' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் அதற்கான வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்: நாலு நாள் லீவு போடு, போனைத் தள்ளி வை, நன்றாகத் தூங்கு. லீவு போட்டேன். நான்கு நாளும் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன்.

சாவைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். 'உயிரை வாங்காதே', 'செத்தேன் போ', 'பேசாம செத்துத் தொலைக்கலாம் போல இருக்கு' என்றெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழுகிறது. நிஜமாகவே அப்படி நினைத்த ஒரு நாளில், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் "செத்துடலாம் போல இருக்குப்பா" என்றேன். "எனக்கும்தான், மாசக் கடைசியாச்சே" என்றார். நான் உதவி கேட்டேன் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. தினமும் எல்லாரும் சொல்கிற வாக்கியத்தைத்தான் நானும் சொல்லியிருந்தேன்.

அந்த எண்ணம் உள்ளே எப்படி இருக்கும் என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அழுகையோ ஆவேசமோ இருக்கவில்லை. 'நாளைக்கு விடியாமலே போனால் தேவலை' என்ற அளவில்தான் ஆரம்பித்தது. போகப் போக, எப்போது, எப்படி என்று மனம் தானாகத் திட்டம் போடத் தொடங்கியது. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து நடுவில் ஒரு கோடு இழுத்தேன். இடது பக்கம் 'நான் இருந்தால்', வலது பக்கம் 'நான் இல்லாவிட்டால்'. வீட்டில் யாருக்கு என்ன ஆகும் என்று வரிசையாக எழுதிக் கூட்டினேன். வலது பக்கம்தான் அவர்களுக்கு நல்லது என்று வந்தது. நோய் போட்ட கணக்கு அது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதில் ஒரு தப்புகூட என் கண்ணில் படவில்லை. இருபது வருடமாகப் பிறர் கணக்கில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆலோசகரிடம் மூன்று முறை போனேன். "அழகான குழந்தை இருக்கு, நல்ல வேலை இருக்கு, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார். அதே கேள்வியைத்தான் நான் தினமும் ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் நன்றிகெட்டவன் என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது. நாலாவது முறை போகவில்லை. தெரபி எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன். செருப்பு கடித்தால் வேறு ஜோடி பார்ப்போம், இனி செருப்பே வேண்டாம் என்று யாரும் கிளம்புவதில்லை. தெரபி விஷயத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் வெறுங்காலோடு நின்றுவிடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். யாரோடு உட்கார்ந்து பேசுகிறோம், அவரோடு நமக்கு ஒட்டுகிறதா என்பது சிகிச்சையின் பெரிய பங்கு. இரண்டு மூன்று அமர்வில் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லலாம், வேறு ஒருவரைக் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு ராத்திரி அக்கா போன் செய்தாள். வழக்கமான பேச்சுத்தான். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு நேராவே கேக்கறேன். செத்துப்போகணும்னு தோணுதாடா?"

அத்தனை மாதத்தில் அதை வாய்விட்டு என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். "ஆமாக்கா" என்றேன். கொஞ்ச நேரம் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன். "சரி" என்றாள். "சொன்னியே, அதுவே போதும். நான் கிளம்பி வரேன். வர்ற வரைக்கும் போனை வைக்காதே." ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த போன் ஓடியது. அவள் வீட்டைப் பூட்டும் சத்தம், படியிறங்கும் சத்தம், வாடகைக் காரின் கதவு, வழி நெடுக அவள் சொல்லிக்கொண்டு வந்த சம்பந்தமே இல்லாத கதைகள் எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் என் வீட்டு அழைப்பு மணி போனிலும் கேட்டது, வாசலிலும் கேட்டது.

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. எனக்கோ, அக்கா கேட்ட பிறகுதான் நெஞ்சில் ஒரு இடம் காலியானது.

அன்று ராத்திரியே மனைவியிடம் சொன்னோம். அக்காதான் ஆரம்பித்தாள், முடித்தது நான். உதவி எண்ணுக்கு அழைத்து என்ன செய்ய வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் மாறி மாறி விழித்திருந்தார்கள். காலையில் ஒரு மருத்துவ உளவியலாளரின் இடத்துக்குப் போன் போட்டாள். மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். "தம்பிக்குத் தற்கொலை எண்ணம் இருக்கு, எப்படின்னு திட்டமும் இருக்கு" என்று பூசி மெழுகாமல் சொன்னாள். அன்று மதியமே வரச் சொன்னார்கள். முடியாது என்றிருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் கூட்டிப்போவதாக இருந்தாள். அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு 'கொஞ்சம் மனசு சரியில்லை' என்று சொல்லியிருந்தால் மூன்று வாரம் காத்திருந்திருப்போம்.

அந்த அறையில் முதலில் உளவியலாளர்தான் பேசினார். நான் சொல்வது அந்த அறைக்குள்ளேயே இருக்கும், என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அப்போதும் முடிந்தவரை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றார். அப்புறம் ஒரு தாளை நீட்டினார். அதே ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்விக்கு 2 போட்டேன். மொத்தம் 20 வந்தது. அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. தலைவலிக்குக் கேட்பது போலக் கேட்டார்: எவ்வளவு அடிக்கடி வருகிறது? வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கானது கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, "இதுவரைக்கும் உங்களைத் தடுத்தது எது?" என்றார்.

பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. "என் பொண்ணுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. காலையில நான்தான் கட்டி விடணும்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவர் அதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டார்.

இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். சத்தியம் வேண்டாம், ஒரு திட்டம் எழுதுவோம் என்றார். பார்பரா ஸ்டேன்லி, கிரிகோரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய முறை அது, பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். எனக்கு நெருக்கடி வரப்போகிறது என்று எந்த அறிகுறியில் தெரியும், அப்போது தனியாக நானே என்ன செய்யலாம், மனசைத் திருப்ப எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம், யாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைக்கலாம், ஆபத்தானதை எப்படித் தூர வைக்கலாம். ஒரே பக்கம். என் கையெழுத்தில், என் வார்த்தையில் எழுதச் சொன்னார். என் அறிகுறி என்ன என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. ராத்திரி கணக்குத் தாளைத் தேடுவதுதான் அது.

ஆபத்தானது எது என்று இங்கே எழுதப் போவதில்லை. அன்று சாயங்காலம் அக்கா ஒரு துணிப்பையில் போட்டு வாயைக் கட்டித் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன காரியமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெரபிஸ்ட் விளக்கினார்: அந்த உச்ச நெருக்கடி பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான், அது இறங்கும் வரை கைக்கு எட்டாமல் இருந்தால் எத்தனையோ உயிர் தப்பிவிடும்.

அன்றைக்கே மனநல மருத்துவரையும் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதைப் பற்றி இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம், நிலைமை மாறினால் சேர்ப்போம் என்றார்கள். நான் அத்தனை மாதம் பயந்தது இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குத்தான். மாத்திரை எழுதினார். மனசு தேற நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம், முதல் சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும், எண்ணங்கள் கூடினால் உடனே சொல்ல வேண்டும், தேறியதும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். அந்த நாட்களில் தெரபி வாரம் இரண்டு முறை இருந்தது.

தெரபி என்றால் மனம் விட்டு அழுதுவிட்டு வருவது என்று நினைத்திருந்தேன். எனக்கு அது பெரும்பாலும் வீட்டுப்பாடமாக இருந்தது. முதல் பாடம் ஓர் அட்டவணை. ஒரு சின்ன வேலையைச் செய்வதற்கு முன், இதில் எவ்வளவு திருப்தி கிடைக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். செய்த பிறகு, நிஜமாக எவ்வளவு கிடைத்தது என்று போட வேண்டும். மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டேதான் இருப்பான், வேலை முதலில், மனசு பின்னால் வரும் என்பது இதன் அடிப்படை. பீட்டர் லெவின்சன் போன்றவர்கள் 1970-களில் இதை வளர்த்தார்கள். என் முதல் வரி 'தெருமுனை வரை நடப்பது'. எதிர்பார்த்தது 0. நடந்து வந்து 2 என்று எழுதினேன். அந்த 2-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனம் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்பதற்கு என் கையெழுத்திலேயே கிடைத்த முதல் ஆதாரம் அது.

ஆறாவது அமர்வில் கணக்குத் தாளைக் கொண்டுபோனேன். நான்காக மடித்து பர்ஸில் வைத்திருந்தேன், மடிப்பில் கிழிந்திருந்தது. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் கவனித்தது இது: மனச்சோர்வில் இருப்பவர்களுக்குத் தங்களைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் கசப்பான எண்ணங்கள் தானாக வருகின்றன, அவற்றை எண்ணம் என்றே உணராமல் உண்மை என்று நம்பிவிடுகிறார்கள். அதிலிருந்துதான் சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வளர்ந்தது. தெரபிஸ்ட் என் தாளைக் கிழிக்கவும் இல்லை, தப்பு என்று சொல்லவும் இல்லை. "இது தணிக்கைக்கு வந்தால் முதல்ல என்ன கேப்பீங்க?" என்றார். யோசித்தேன். "வலது பக்கத்துக்கு வவுச்சர் எங்கேன்னு கேப்பேன்." "எங்கே?" ஒன்றுகூட இல்லை. அவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று எழுதியிருந்தேனே தவிர, அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

கேட்டு வருவதுதான் அந்த வார வீட்டுப்பாடம். குடும்பத்துக்குத் தான் ஒரு பாரம் என்று நினைப்பது தற்கொலை எண்ணத்தோடு மிகவும் ஒட்டி வருவது என்று தாமஸ் ஜாய்னர் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். என் விஷயத்தில் அது முழுக்க உண்மை. மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கஷ்டமாத்தாங்க இருக்கு. ஆனா கஷ்டம் உங்களுக்கு வந்திருக்கிற வியாதி. நீங்க இல்ல" என்றாள். வலது பக்கம் முழுவதையும் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அலுவலகத்தில் திருத்தத்துக்கு நாங்கள் செய்வது அதுதான், எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தேறுவது ஏணி ஏறுவது மாதிரி இருக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு நாள் காலையில் என் மகள் வந்து, "அப்பா, பாருங்க" என்று காலை நீட்டினாள். லேஸ் கட்டியிருந்தது. கொஞ்சம் தளர்வாக, ஒரு காது பெரிதாக, ஒரு காது சின்னதாக. கைதட்டினேன், தூக்கிக் கொஞ்சினேன். அவள் பள்ளிக்குப் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை இங்கே கட்டிவைத்திருந்த ஒரே விஷயமும் அவிழ்ந்துவிட்டது என்று தோன்றியது. பழைய எண்ணம் வெகு சுத்தமாக, சத்தமில்லாமல் திரும்பி வந்தது. திட்டத் தாளை எடுத்தேன். தனியாகச் செய்ய எழுதியிருந்தது எதுவும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அதற்கு அடுத்து அக்காவின் பெயர் இருந்தது, அழைத்தேன். அன்று மாலை தெரபிஸ்டிடம் லேஸ் விஷயத்தைச் சொன்னபோது அவர் தன் பழைய குறிப்பைப் புரட்டி, நான் முதல் நாள் சொன்ன வரியை வாசித்துக் காட்டினார். "அன்னிக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னிக்கு?" அந்த 50 நிமிடமும் அதைத்தான் எழுதினோம். பதினொரு வரி வந்தது. அதில் பெரும்பாலானவை லேஸ் அளவு சின்னவைதான்.

இப்போது மாதம் ஒரு முறை போகிறேன். மாத்திரையை மருத்துவர் மெல்லக் குறைத்து வருகிறார். போன முறையும் அதே தாளைக் கொடுத்தார்கள். மொத்தம் 6 வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டேன். பேனா நிற்கவில்லை. எப்போது என்று கேட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வரும் வழியில் வந்தது, வீடு சேருவதற்குள் போய்விட்டது, ராத்திரி மனைவியிடம் சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

அக்கா வீட்டு அலமாரியில் அந்தத் துணிப்பை இன்னும் இருந்தது. அலமாரி ஒழிக்கிறேன், இதைத் தூக்கிப் போட்டுடட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டாள். "போட்டுடுக்கா" என்றேன். "சரிடா" என்றாள். அதற்குள் மகள் அத்தையிடம் பேச வேண்டும் என்று போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.